நிலுவையில் ஒன்பது புத்தகங்கள்

என் வலைப்பக்கத்தை மூடிவிடுவதாக நானே எழுதி வைத்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில், அந்த மாதம் வாசித்தது எத்தனை, விமர்சனம் எழுதியது எத்தனை, எழுத எடுத்து வைத்தும் எழுதாமல் நிலுவையில் நிற்பது எத்தனை என்று மூன்று வரி போடுவது என் வழக்கம். வாசித்தது ஆறு, ஏழு என்று நன்றாகவே இருக்கும். எழுதியது ஒன்று, சில மாதம் அதுவும் இல்லை. நிலுவை மட்டும் மூன்று, ஐந்து, எட்டு என்று ஏறிக்கொண்டே போனது. ஒருமுறை யாரோ அதன் கீழே, "இது வாசிப்புப் பக்கமா, நிலுவைப் பக்கமா?" என்று எழுதினார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ரோஷம் வந்து, "வரும் மாதக் கடைசிக்குள் நிலுவையே இல்லை என்று ஆக்காவிட்டால் பக்கத்தை மூடிவிடுகிறேன்" என்று போட்டேன். போட்ட கையோடு வருத்தப்பட்டேன். அழித்துவிடலாம் என்றால், அதற்குள் யாராவது பார்த்திருப்பார்களே என்ற பயம். அப்படியே விட்டேன்.

போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மேலே ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவன் நான். காலை ஆறு மணிக்கு ஏறினால் மாலை நான்குக்கு மேல்தான் இறங்குவோம். நடுவில் வண்டியும் நானும் எஸ்டேட்டில் ஒரு மரத்தடியில் கிடப்போம். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். நான் வாசிப்பேன். ஒன்பதாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். நின்றதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. கணக்குப் பரீட்சைக்குப் பயந்து ஒரு வாரம் போகவில்லை. ஒரு வாரம் வராதவனை என்ன சொல்வார்களோ என்று பயந்து அப்புறம் போகவே இல்லை.

அந்தப் பயம் இன்னும் கூடவே வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பத்துப் பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன். நிறுத்தினால் கைபிரேக்கை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். இறங்கி, சக்கரம் உருளாமல் அண்டக்கல்லும் கொடுப்பேன். காய் எடுக்கப் போகும் பெண்கள் என் வண்டிக்குப் 'பயந்தாங்கொள்ளி வண்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் இடம் பிடிப்பது என்னவோ என் வண்டியில்தான்.

விமர்சனம் எழுத உட்கார்ந்தாலும் அதே கதை. புத்தகம் படிக்கும்போது எனக்குள் ஆயிரம் பேச்சு ஓடும். எழுதப் போனால், படித்தவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று யோசித்து, "இந்நாவல் மானுட இருப்பின்" என்று ஆரம்பிப்பேன். இருப்பின் என்ன என்று எனக்கே தெரியாது. அழிப்பேன். வேறு மாதிரி ஆரம்பிப்பேன். அதையும் அழிப்பேன். நாம் என்ன படித்தோம், நமக்கு எதற்கு இது என்று தோன்றும். போனை அணைத்துவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்துவிடுவேன். நிலுவை அப்படி ஏறியதுதான். ஆனால் பக்கத்தை மூடவும் மனம் வரவில்லை. இத்தனை வருடம் நான் வாசித்தேன் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

சொன்ன மாதம் ஐப்பசி மழையில் கரைந்து போனது. கடைசி நாள் காலை, ஒன்பது புத்தகம் நிலுவை. ஒன்பதையும் பையில் போட்டுக்கொண்டுதான் வண்டி எடுத்தேன். மேலே மரத்தடியில் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று மனதுக்குச் சொன்னேன். மனது நம்பவில்லை.

முந்தல் தாண்டி பாதி மலை ஏறியிருப்போம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் முன்னால் போன வண்டிகள் வரிசையாக நின்றன. இரவு பெய்த மழையில் மண்ணோடு ஒரு பாறை இறங்கிச் சாலையில் குறுக்காக உட்கார்ந்திருந்தது. ஜேசிபி கீழே போடியிலிருந்து வரவேண்டும். நான் ஓரம் கட்டினேன். கைபிரேக்கை மூன்று தடவை இழுத்தேன். இறங்கிக் கல் கொடுத்தேன். மேலே இன்னும் ஏதாவது இறங்குமா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, வண்டியைப் பத்தடி பின்னால் எடுத்து மறுபடியும் கல் கொடுத்தேன்.

"மலையவே முட்டுக் குடுத்து நிறுத்திருவ போலயே அப்பு," என்றார் முன் சீட்டிலிருந்த பெரியக்கா. ஆள் சேர்த்து வேலைக்குக் கூட்டிப் போகிறவர் அவர்தான். வண்டியில் எல்லோருக்கும் பெரியக்கா.

எட்டரை மணி ஆகியும் ஜேசிபி வரவில்லை. எஸ்டேட் மேஸ்திரிக்குப் பெரியக்கா போன் போட்டார். அவர் மலையாளமும் தமிழுமாக, "இனி வேண்டாம், நாளை வந்தா மதி, போதும்" என்று சொல்லி வைத்துவிட்டார். பின்னால் பஸ்சும் லோடு லாரியும் அடைத்து நின்றதால் திரும்பிப் போகவும் வழியில்லை. பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து காலையிலேயே மதியச் சோற்றைத் தின்ன ஆரம்பித்தார்கள். நான் ஸ்டீயரிங்கில் போனை வைத்துக்கொண்டு "இந்நாவல்" என்று அடித்து அழித்துக்கொண்டிருந்தேன்.

"கல்லு விழுந்ததுக்கு நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க?" என்றார் பெரியக்கா. "சம்பளம் போனது எங்களுக்குல்ல."

வேறு நாளாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அன்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. ஒன்பது புத்தகத்தைப் பற்றி எழுத வேண்டும், இல்லையென்றால் என் பக்கத்தை மூடவேண்டும் என்றேன். பக்கம் என்றால் என்ன என்று பின்னாலிருந்து கேட்டார்கள். புத்தகம் படித்துவிட்டு எப்படி இருந்தது என்று போனில் எழுதிப் போடுவேன், ஊர் உலகத்தில் யாராவது பார்ப்பார்கள் என்றேன்.

"மூடச் சொன்னது யாரு? கவர்மெண்டா?" என்று கேட்டார் ராசிங்காபுரத்திலிருந்து வரும் அக்கா. எதற்கும் எதிர்க்கேள்வி போடாமல் விடாதவர்.

"நான்தான்."

"எதுக்கு?"

"இன்னிக்குள்ள எழுதலைன்னா மூடுறேன்னு நானே சொல்லிட்டேன்."

வண்டி குலுங்கியது. சக்கரத்தில் கல் இருக்கிறதா என்று தலையை நீட்டிப் பார்த்தேன். அவர்கள் சிரித்ததில்தான் குலுங்கியிருக்கிறது.

"சரி, நமக்கும் சோலி இல்ல," என்றார் பெரியக்கா. "எழுத வரலைன்னா சொல்லு. மொதப் பொஸ்தகம் என்ன?"

நான் போனைப் பார்த்து, "இந்நாவல் மானுட இருப்பின்" என்று வாசித்தேன்.

"இது என்ன, மத்தியானச் செய்தியா? கதையச் சொல்லு."

சொன்னேன். அண்ணனும் தம்பியும் ஒரு பொதுச்சுவருக்காக முப்பது வருடம் கோர்ட்டுக்கு நடக்கிற நாவல். அண்ணன்தான் கதை சொல்கிறான். சுவர் எத்தனை அடி, யார் கட்டியது, மழைத்தண்ணீர் யார் பக்கம் விழுகிறது என்று ஆளுக்கு ஒரு கேள்வி. தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். தெரியாததற்குப் புத்தகத்தைப் புரட்டினேன். ராசிங்காபுரத்து அக்காவுக்கு ஊரில் ஒரு வரப்புத் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. அவர் குரல் ஏறியது.

"இம்புட்டு நேரம் அண்ணங்காரன் சொல்றதத்தான சொல்ற. தம்பிக்காரன் என்ன சொன்னான்?"

"அவன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. முதல் பக்கத்திலிருந்து தள்ளிப் பார்த்தேன். தம்பி வருகிறான், போகிறான், கோர்ட்டில் நிற்கிறான், அம்மா சாவுக்கு வருகிறான். முந்நூறு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட வாய் திறக்கவில்லை. நான் இரண்டு தடவை வாசித்த நாவல் அது. இது என் கண்ணில் படவே இல்லை.

"அக்கா, அவன் பேசவே இல்ல."

"அதான பாத்தேன். பேச விட்டா கத வேற மாதிரில்ல போகும்."

"அண்ணே, அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் பின்னால் கடைசியில் உட்கார்ந்திருந்த பெண். காலேஜ் முடித்துவிட்டு அந்த வருடம்தான் காய் எடுக்க வர ஆரம்பித்திருந்தாள். நான் பேசப் பேச எழுத்தாக விழும்படி அவள் போனில் வைத்திருந்தாள். நான் சொல்லி முடித்ததும் தப்பாக விழுந்த வார்த்தைகளை மட்டும் சரிசெய்து எனக்கு அனுப்பினாள். வாசித்தேன். பதினைந்து வரி. தம்பி பேசாததில் ஆரம்பித்து தம்பி பேசாததில் முடிந்தது. மானுடமும் இல்லை, இருப்பும் இல்லை. அதை நான்தான் சொன்னேன் என்று நம்ப முடியவில்லை.

"போடுங்கண்ணே."

"சாயங்காலம் ஒரு தடவ பாத்துட்டு..."

"பாத்தா அழிப்பீங்க. நான் ஒரு மணி நேரமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

பத்துப் பேரும் என் விரலையே பார்த்தார்கள். அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மலை அப்படியே நின்றது.

அடுத்தது கொஞ்சம் தடித்த நாவல், எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடியது. நான் சுற்றி வளைத்துப் பேசுவதைப் பெரியக்கா கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"ஒனக்குப் புடிச்சுச்சா?"

"நல்ல பொஸ்தகம்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

"அவுகள விடு. ஒனக்கு?"

"இல்லக்கா."

"அப்ப அதச் சொல்லிட்டு வெரசா அடுத்ததுக்கு வா."

எங்கே அலுப்புத் தட்டியது, ஏன் தட்டியது என்று ஆறு வரியில் சொன்னேன். மூன்று மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்த புத்தகம், பத்து நிமிடத்தில் முடிந்தது.

கவிதைத் தொகுப்பு ஒன்று இருந்தது. கவிதையைப் பற்றி எழுத எனக்கு எந்தக் காலத்திலும் தைரியம் வந்ததில்லை. அதனால் ஒன்றும் சொல்லாமல் ஒரு கவிதையை வாசித்தேன், சந்தையில் செருப்பைத் தொலைத்துவிட்டு வீடு வரை நடக்கும் ஒருத்தியைப் பற்றியது. முடித்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று புத்தகத்தை மூடப் போனேன்.

"இன்னொருக்கா படி," என்றார் பெரியக்கா.

படித்தேன். ராசிங்காபுரத்து அக்கா மெதுவாக, "இது எட்டு எம்.எம். சல்லடையிலயே நிக்கும்," என்றார். பெரிய காய்தான் அந்தச் சல்லடையில் விழாமல் மேலே நிற்கும், மதிப்பும் அதற்குத்தான். மற்றவர்கள் நட்சத்திரம் போடுகிற இடத்தில் நான் அதைப் போட்டேன். பத்துப் பேர் இரண்டாம் முறை கேட்டார்கள் என்பதையும் போட்டேன். அதற்கு மேல் கவிதையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தேவையும் இருக்கவில்லை.

ஜேசிபி வந்து பாறையை நகர்த்த ஆரம்பித்தபோது ஐந்து புத்தகம் முடிந்திருந்தது. அந்தச் சத்தத்தில் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து ஜீப்பிலிருந்தும் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறாவது, ஏலத்தோட்டத்தில் நடக்கும் கதைகள். அதில் ஒருத்தி நின்றபடி கையை உயர்த்தி, கிளையிலிருந்து காய் பறிக்கிறாள். ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டிக் காய்ப்பது. நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். அந்த இடத்தை வாசித்ததும் வண்டியில் எழுந்த சிரிப்பு லாரிக்காரரை இறங்கி வரவைத்தது.

"அந்தத் தோட்டம் எங்கன்னு கேளு தம்பி. நாளைக்கே போயிருவோம்," என்றார் பெரியக்கா. "நின்னுக்கிட்டு எடுத்தா என் இடுப்பு ஏன் இந்தக் கதிக்கு வருது?"

சிரிப்பு அடங்கிய பிறகு, மற்றபடி கதை எப்படி என்று அவரே கேட்டார். நன்றாக இருக்கிறது, அந்தப் பெண்ணின் பிடிவாதம் அசல் என்றேன். "அப்ப ரெண்டையும் எழுது. ஒண்ண மட்டும் எழுதாத," என்றார். எழுதினேன். பெயர் பெற்ற ஒருவரின் தப்பை ஒன்பதாம் வகுப்புக்காரன் சொல்வதா என்ற எண்ணம் வந்தது. வந்துவிட்டு, உட்கார இடமில்லாமல் போய்விட்டது.

ஏழு, எட்டு. ஒன்பதாவதுக்குள் என் தொண்டை கட்டிவிட்டது. அந்தப் பெண் தண்ணீர் நீட்டினாள். ஒன்பதாவதைப் போட்டபோது மணி பன்னிரண்டு இருக்கும். பாறை ஓரமாய் ஒதுங்கியிருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. நான் நகரவில்லை. மாதக் கடைசிப் பதிவை அங்கேயே போட்டுவிடுகிறேன் என்றேன். பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. வாழ்நாளில் முதல் தடவை, அடிக்கட்டும் என்று இருந்தேன்.

வாசித்தது ஏழு. எழுதியது ஒன்பது. நிலுவை என்று அடித்துவிட்டு, இல்லை என்று அடித்தேன். இந்தப் பக்கம் தொடங்கிய நாளிலிருந்து அந்த இடத்தில் அந்த வார்த்தையை நான் போட்டதில்லை. சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"எங்களப் பத்தி ஒண்ணும் இல்லயே," என்றார் ராசிங்காபுரத்து அக்கா.

'ஒன்பதும் ஒரு ஜீப்பில் பத்துப் பேர் கேட்கச் சொன்னவை. கேள்விகள் அவர்களுடையவை' என்று சேர்த்தேன். ஜீப் என்று எழுதும்போது ஒரு நொடி யோசித்தேன். நான் யார் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும் என்று போட்டேன்.

வளைவில் வண்டியைத் திருப்பிக் கீழே இறங்கினோம். முந்தல் வரும்வரை போனைத் தொடவில்லை. இறங்குகிற வண்டியில் அது ஆகாது. செக்போஸ்ட் தாண்டி டீக்கடையில் நிறுத்தி, எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுத் திறந்து பார்த்தேன். பக்கம் இருந்தது. அதன் கீழே அதுவரை எழுதியறியாத ஒருவர் எழுதியிருந்தார்: 'ஒன்பதையும் வாசித்தேன். நாளை எங்கள் ஊர் நூலகத்தில் இதில் மூன்று புத்தகம் கேட்கப் போகிறேன்.'

தொண்டை கட்டிய குரலில் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லோரும் டீ கிளாசோடு என்னைச் சுற்றி நின்றார்கள்.

"மூணுதானா?" என்றார் ராசிங்காபுரத்து அக்கா. "ஒம்பதுல்ல சொன்னோம்."