மாதாவுக்கு ஆட்டோவின் முன்பாதி

"இந்த ஆட்டோ எப்படிண்ணே செத்துச்சு?" என்று ஜெசிந்தா அக்கா கேட்டாள்.

திண்டிவனத்துக் காயலான் கடையில், நசுங்கிய வண்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாண்டுரங்கன் தலையைத் தூக்கினார்.

"லாரிக்காரன் இடிச்சிட்டான்."

"முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னாலதான். ஏம்மா, நீ இன்னா இன்சூரன்ஸ் ஆளா?"

"அப்ப முன்பக்கம் முழுசா இருக்குமே. ஹேண்டில்பாரு, ஒத்த வீலு, அந்த ஸ்பிரிங்கு. அத்த மட்டும் அறுத்துக் குடுங்க."

"தலை தனி, கால் தனின்னு விக்க இது இன்னா கறிக்கடையா?"

"கறிக்கடைன்னா ஈயாச்சும் வரும். இங்க உங்களத் தவிர யாரும் இல்லயே."

பாண்டுரங்கன் சிரித்துவிட்டார். "சரி, இன்னாத்துக்கு உனக்கு இது?"

"தேர் கட்டப் போறேன். மாதாவுக்கு."

"மாதா ஆட்டோ ஓட்டப் போறாங்களா?"

"லைசென்ஸ் இல்ல. நாங்க தள்ளிக்கினு போவோம்."

"சாமி காரியத்துக்கு யாராச்சும் காயலான் சரக்கு வாங்குவாங்களா? புது இரும்பா வாங்கும்மா."

"மாதா மாட்டுக் கொட்டாயில புள்ள பெத்தவங்க. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஸ்பிரிங்குக்குள்ள எண்ணெய் எல்லாம் ஒழுகிப் போயிருக்கு பாருங்க. அதுக்குக் குறைச்சிக்கணும்."

குறைத்துக்கொண்டார். பேரம் ஜெயித்த சந்தோஷத்தில் அக்கா எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள். ஒழுகிப்போன எண்ணெயைப் பற்றி நாங்கள் இருவரும் அதோடு மறந்துவிட்டோம்.

ஜெசிந்தா அக்கா எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரி. குயிலாப்பாளையத்துப் பட்டறை ஒன்றில் பெருக்கித் துடைக்கப் போனாள். அங்கே வெல்டிங் வைக்கிறவர் டீ குடிக்கப் போகும் நேரமெல்லாம் இவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழகினாள். அவர் நிறைய டீ குடிப்பவர். ஒரு வருஷத்தில் பழைய வெல்டிங் மிஷினோடு ஊருக்கு வந்து வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுவிட்டாள்.

புது இரும்பு வாங்க அவளுக்கு வசதியும் இல்லை, விருப்பமும் இல்லை. கல்யாண வீடு, கருமாதி வீடு, தேர்தல் எல்லாம் அவளுக்குச் சரக்கு வருகிற இடங்கள்தான். பேனர் கிழிந்ததும் அதன் இரும்புச் சட்டத்தைக் கேட்டுப் போய் நிற்பாள். அப்படி ஒரு சட்டத்தில் அவள் செய்து கொடுத்த எங்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் இன்னும் ஒரு மாப்பிள்ளையின் பாதி மீசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. விழுப்புரத்தில் லாரி பாடி கட்டுகிறவர்களிடம் போய், வெட்டி எறிந்த ஆங்கிள் துண்டுகளை மூட்டையாக வாங்கி வருவாள். ஒருமுறை துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைத் தேய்க்காமல் வெல்டிங் வைத்து, அந்தப் புகையில் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாள். ஃபாதர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார். எழுந்ததும் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "கோயில்ல பழைய ஜன்னல் கம்பி கழட்டுனீங்களாமே ஃபாதர், அது எங்க?"

தேர் கட்டும் யோசனை ஒரு சண்டையில் பிறந்தது. திருவிழாவில் பெரிய தேர் கோயில் தெருவைச் சுற்றிவிட்டு எங்கள் தெருமுனை வரை வரும். உள்ளே வராது. கேட்டால், "தெரு குறுகல், தேர் திரும்பாது" என்பார் திருவிழாக் கமிட்டித் தலைவர் பிரான்சிஸ். தேர் சிறியதாக இருந்த காலத்திலும் அது திரும்பவில்லை. உண்மைக் காரணம் இரண்டு தெருவுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த வருஷம் அக்கா கூட்டத்தில் எழுந்து, "திரும்பற தேர் கட்டுனா மாதாவ அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்ட பிரான்சிஸ், "கடைசி வூடு வரைக்கும் எங்கியும் மாட்டாம போய்ட்டு வந்தா எங்களுக்கு இன்னா கசக்குதா? ஆனா ஏழு மணிக்குள்ள கோயிலுக்கு வந்துடணும்" என்றார். ஃபாதரும் சரி என்றார். அதனால்தான் ஆட்டோவின் முன்பாதி. ஆட்டோ திரும்பாத சந்து இந்த ஜில்லாவில் கிடையாது.

தேருக்கு வெள்ளி பெயிண்ட் அடித்தாள். மாதா வந்து நிற்கவென்று தன் வீட்டு வாசலை அவளே சிமென்ட் பூசி, ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். ஒத்திகைக்கு அரிசி மூட்டையை ஏற்றித் தள்ளினோம். தெருமுனையில் பிரான்சிஸ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க, தேர் நின்ற இடத்திலேயே திரும்பியது. அவர் மட்டும் திரும்பாமல் நின்றார்.

திருவிழாவன்று மாலை மாதா ஏறினாள். தெருவுக்குள் நுழைந்ததும், குழாயடிப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. ஆட்டத்தை அடக்கும் எண்ணெய் செத்துப்போன ஸ்பிரிங் அதோடு நிற்கவில்லை. மாதா மெதுவாக, அழகாக, நாலைந்து முறை தலையாட்டினாள்.

தள்ளியவர்கள் தேரை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் பால் ஊற்றும் தையல்நாயகி கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கும் கிறிஸ்தவ வேதத்துக்கும் சம்பந்தமில்லை.

"எம் பொண்ணுக்கு இந்த வருசமாச்சும் கல்யாணம் தெகையுமா தாயே?"

யாரோ தேரைப் பின்னால் இழுத்து மறுபடி பள்ளத்தில் விட்டார்கள். மாதா ஆமாம் என்றாள்.

பிறகு யார் சொல்லியும் கேட்கவில்லை. வரிசை கட்டிவிட்டார்கள். கல்ஃப் விசா, மூட்டுவலி, மல்லாட்டை விளைச்சல். எல்லாவற்றுக்கும் ஆமாம்தான். தடுக்க வந்த பிரான்சிஸ் நாலு முறை அதட்டினார். ஐந்தாவது முறை குனிந்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அவருக்கும் ஆமாம்.

"எண்ணெய் இல்லாத ஸ்பிரிங்குடா டேய்! மாதா இல்லடா!" அக்கா கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. ஃபாதர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஏழு மணிக்குள் தேர் திரும்பாவிட்டால், வாக்கு மீறினார்கள் என்று அடுத்த வருஷம் கதவு மூடிவிடும். கடைசி வீடு இன்னும் தூரத்தில் இருந்தது. அக்கா வரிசையைத் தோளால் இடித்துக்கொண்டு போய் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"மிச்சக் கேள்வியெல்லாம் கோயில்ல போய்க் கேளுங்க. ஜல்தி, தள்ளுங்கடா!"

தள்ளினோம். தெருவில் ஒரு வாசல் விடாமல் மாதா வந்தாள். கடைசி வாசலில் நின்றாள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. என்ன கேட்டாள் என்று பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அவளே மட்டம் பார்த்துப் பூசிய சிமென்ட் தரையில் மாதா ஆடாமல் அசையாமல் நின்றாள். அக்கா தேரை முன்னும் பின்னும் தள்ளியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஏழு மணிக்குள் தேர் கோயிலுக்குப் போய்விட்டது. அதன் பிறகு எந்த வருஷமும் தேர் திரும்பாது என்று யாரும் சொல்லவில்லை. ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விடலாமா என்று அக்கா கேட்டபோது, கோயில் தெருவே சேர்ந்து கூடாது என்றது.

சில வருஷம் கழித்து நான் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் தெருவுக்கு ரோடு போட உத்தரவு வந்த வாரம், அக்கா கையில் இரும்புத் தூசியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பாப்பா, யாருகிட்டயும் சொல்லாத. ரோடு போடற காண்ட்ராக்டருகிட்ட பேசி, எங்க வூட்டு வாசல்ல மட்டும் கொஞ்சம் பள்ளமா விடச் சொல்றியா?"