அண்ணியின் நெற்றியில் சிங்கம்

புற்றுநோய்ப் பிரிவில் தாதி வேலை என்றால் மருந்து ஏற்றுவது என்று நினைப்பீர்கள். பாதி வேலை, நோயாளிமீது பாசமுள்ளவர்களை வாசலிலேயே நிறுத்துவது. வீட்டில் ஒரு நோயாளியையும், அவரைப் பார்க்க வருகிற பத்துப் பேரையும் சேர்த்துச் சமாளித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

போன வருடம் எங்கள் சிங்கப்பூர் மருத்துவமனையில் என் பொறுப்பில் இருந்தவர், ஈசூன் வட்டாரத்து மல்லிகா அக்கா. நிணநீர்ப் புற்றுநோய். ஆறு கீமோவையும் முடித்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் நம்பினார். ஆனால் கீமோ போட்டதும் எதிர்ப்புச் சக்தி அடியோடு இறங்கிவிடும். நமக்கு நாலு தும்மலோடு போகிற வைரஸ், அவரை ஐசியூவில் படுக்க வைத்துவிடும். இதை அவர் குடும்பத்துக்கு முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். நன்றாகத் தலையாட்டினார்கள்.

தாடைக்கு முகக்கவசம்

மூன்றாவது கீமோ அன்று, அக்காவின் கொழுந்தன் சேகர் பாசிர் ரிஸிலிருந்து ரயிலேறி வந்தார். முகக்கவசம் அவருடைய தாடையைப் பத்திரமாகப் பாதுகாத்துக்கொண்டிருந்தது. இருமல் லிஃப்டிலிருந்தே கேட்டது. உள்ளே விட முடியாது என்றேன். என் அறியாமையைப் பார்த்து அவருக்குப் பரிதாபமாக இருந்தது போலும்.

"கேன்சர் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு சிஸ்டர், எனக்கொண்ணும் பயமில்லை. அதான் தைரியமா வந்தேன்."

மூன்று முறை ஊதிய மெழுகுவத்தி

நாலாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள். அண்ணி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாரே என்று மனமிரங்கிய சேகர், தன் பேரனின் பிறந்தநாளை ஈசூன் வீட்டிலேயே கொண்டாடினார். பேரனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கேக்மேல் இருந்த மெழுகுவத்தி அணையாததால் பையன் மூன்று முறை ஊதினான். முதல் துண்டு மல்லிகா அக்காவுக்கு.

இரண்டு நாளில் காய்ச்சல், அப்புறம் நுரையீரலில் தொற்று. பதினொரு நாள் ஆக்சிஜனோடு கிடந்தார். பிள்ளைக்குச் சளி இருந்தது தெரியாதா என்று சேகரைக் கேட்டேன்.

"அவன் ரெண்டே நாள்ல எழுந்து ஸ்கூலுக்குப் போயிட்டான் லா. அண்ணிதான் உடம்பைக் கவனிக்கிறதே இல்லை."

சிங்கம்

ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு, அக்காவின் நெற்றியில் இடப்பக்கம் எரிச்சலோடு கொப்புளங்கள் வந்தன. சின்ன வயதில் அம்மை போட்டுப் போன வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, உடம்பு தளரும்போது இப்படி அக்கியாகக் கிளம்பும். ஒரு கொப்புளம் கண்டாலும் உடனே கூப்பிடுங்கள் என்று எங்கள் எண்ணை எழுதிக் கொடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டவும் சொல்லியிருந்தேன். ஒட்டியிருந்தார்கள். கூப்பிட்டது மட்டும் சேகரை.

அவர் தேக்கா சந்தையில் காவிக்கட்டி வாங்கி, குழைத்து, பழைய ஊர் வழக்கப்படி கொப்புளத்தின்மேல் உருவம் வரைந்து மூன்று நாள் அக்கி எழுதினார். நாலாம் நாள் இடது கண்ணைத் திறக்க முடியாமல் அக்கா எங்களிடம் வந்தார். நெற்றியிலிருந்து கன்னம் வரை செக்கச்செவேலென்று ஒரு சிங்கம். கோயிலில் ஏதாவது திருவிழாவா என்று சீன டாக்டர் என்னிடம் மரியாதையாகக் கேட்டார். வைரஸ் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. மருந்து ஏற்றத் தொடங்கினோம். கடைசி கீமோ தள்ளிப்போனது.

ஒரு ஃபோன் செய்திருந்தால் போதும். அந்த ஆத்திரத்தில் மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால் சேகர் வாடிய முகத்தோடு நின்றார். செய்த தப்பு புரிந்துவிட்டது என்று ஒரு நிமிடம் நானும் நம்பினேன்.

"வாலை விட்டுட்டேன் சிஸ்டர். வாலையும் வரைஞ்சிருந்தா கண்ணுக்கு இறங்கியிருக்காது."

ஆறாவது

ஏழு வாரம் கழித்துத்தான் மல்லிகா அக்கா கடைசி கீமோவுக்கு வந்தார். இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று அப்போதுதான் கேட்டேன். பாசமாக எழுத வந்தவரிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது என்றார். மருந்து கடைசிச் சொட்டு வரை இறங்கியது. ஊசியைக் கழற்றும்போது அவர் கைப்பேசி ஒலித்தது. வாழ்த்துச் சொல்ல சேகர் வீட்டுக்கு வருகிறாராம். அக்கா பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு கண்ணு போனதும் வசதிதான் சிஸ்டர். இனிமே அவரு வந்தா, யாருன்னு தெரியலையேன்னு கதவைச் சாத்திருவேன்."

உங்கள் வீட்டு நோயாளிமீது உங்களுக்கு உண்மையிலேயே பாசம் இருந்தால், தயவுசெய்து அதைக் கொஞ்ச நாள் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.