சரோஜாக்கா நிறுத்திய லாரிகள்

சரோஜாக்கா போய்விட்டார் என்று வடக்குப்பட்டிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, ஸ்ரீபெரும்புதூரில் மருத்துவ வசதியில் மக்கள் பங்கு பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடை முழுக்க அதிகாரிகள். மக்கள் என்று பார்த்தால் டீ கொண்டுவந்தவர் ஒருவர்தான். அழக்கூடத் தெம்பில்லாமல் எழுந்து வந்தேன்.

வடக்குப்பட்டு மாதர் சங்கத் தலைவியாக அவரைப் பலரும் அறிவார்கள். பிரசவ வலியோடு மாட்டு வண்டியில் போன தங்கையை வழியிலேயே பறிகொடுத்தவர் அவர். சுகாதார ஆய்வாளரான நான், நோயாளிகளை ஏற்றிப்போக ஊருக்கு ஒரு ஜீப் வேண்டுமென்று மேலிடத்தில் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தேன். “ஜீப்பு வரும்போது வரட்டும் சார். ரோட்ல ஓடற ஜல்லி லாரிய கேட்டா இன்னா?” என்றார். டிரைவர்களிடம் அவரே பேசினார். அவசரமென்றால் சாலையோரக் கம்பத்தில் சிவப்புத் துணி கட்டுவது, பார்க்கும் முதல் லாரி நின்று ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவது என்று ஏற்பாடானது.

ஆடி வந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் வழக்கம்போல் வேப்பிலையோடு சிவப்புத் துணி எல்லாக் கம்பத்திலும் ஏறிவிட்டது. எங்களில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. லாரிகள் வரிசையாக நின்றன. “இன்னாம்மா, ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் ஒரே நாள்ல வலியா?” என்று ஒரு டிரைவர் கத்தினார். நான் நழுவப் பார்த்தேன். அக்கா அவர்களுக்குக் கூழ் கொடுத்து உட்காரவைத்து, “தப்பு எங்களுதுதான்பா. இன்னா கட்டலாம், நீங்களே சொல்லுங்க” என்றார். பழைய டயரைத் தொங்கவிடலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். எந்தச் சாமிக்கும் யாரும் டயர் கட்டுவதில்லை.

அதற்குப் பிறகும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. புது டிரைவர்கள் நிற்காமல் போவார்கள். அக்கா கல் குவாரிக்கே நடந்துபோய் முதலிலிருந்து பேசுவார்.

“சலிக்கலியாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“சலிக்காம இன்னா சார்? நான் சலிச்சிக்கினு வூட்ல குந்தினா, வலி எடுத்தவ இன்னா பண்ணுவா?”

காரியத்தன்று டிரைவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். இனி புதிதாய் வருகிறவர்களிடம் யார் பேசுவது என்று கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இப்படிப் பதில் வராதபோது நானே யோசனை சொல்லிவிடுவது என் வழக்கம். அக்கா அப்படியில்லை, கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றுதான். உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து அக்காவின் மருமகள் எழுந்தாள். “குவாரிக்கு எந்தப் பக்கம் போவணும் சார்?” என்று கேட்டாள்.