மறுநாள் ரதி என்ன செய்தாள்?

போன ஞாயிற்றுக்கிழமை தெரணியகலைக்குப் போயிருந்தேன். டியூஷன் வகுப்பு நடக்கும் ஹோல் ஒன்றில் சிறுகதை வாசிப்பு. இப்படியான கூட்டங்களில் எனக்குக் கொட்டாவி வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அன்று வரவில்லை.

காரணம், செல்வராணி. பக்கத்து றப்பர்த் தோட்டப் பாடசாலையில் டீச்சர். அவர் கதையை எடுத்தது காமன் கூத்திலிருந்து.

மாசி மாதம் தோட்டங்களில் ஆடுகிற கூத்துதான். சிவன் நெற்றிக்கண்ணால் காமனை எரிக்கிறார். ரதி அழுது புரள்கிறாள். மனமிரங்கிய சிவன் அவனுக்கு உயிர் கொடுக்கிறார் – ஆனால், ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். அதோடு கூத்து முடியும். நாமும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

செல்வராணி அங்கேதான் ஆரம்பிக்கிறார். மறுநாள் ரதி என்ன செய்திருப்பாள்?

அவர் கதையில் ரதி றப்பர் மலையில் பால் வெட்டுகிறாள். கொழும்புக் கடையில் வேலை பார்த்த புருஷன் ஒரு இராணுவச் சுற்றிவளைப்போடு காணாமல் போகிறான். அவனுக்கும் சோறு போட்டு வைக்கிறாள். அவனோடு பேசிக்கொண்டே மலைக்கு நடக்கிறாள். லயத்து வீட்டுச் சனமே அவளைப் பைத்தியம் என்கிறது. அவள் சண்டைக்குப் போவதில்லை... “ஒங்க கண்ணுக்குத் தெரியாதுங்க” என்கிறாள். அவ்வளவுதான் கதை. என்ன துணிச்சல்!

வாசித்து முடித்ததும் கோயில் கமிட்டித் தலைவர் எழுந்தார்.

“சாமி கதைய இப்படி மாத்தலாமுங்களா டீச்சர்?”

“மாத்தலீங்க. கூத்து முடிஞ்ச பொறகு ரதி எப்படிப் பொழச்சான்னுதான் யோசிச்சேன்.”

தலைவர் விடுவதாயில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து பழனியாண்டி எழுந்தார். வருஷா வருஷம் கூத்தில் ரதி வேஷம் கட்டுபவர். சரி, இவரும் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“டீச்சர், இன்னொருக்கா வாசிப்பீங்களா? தம்பி சம்சாரம் வெளிய நிக்குது. தம்பி கொழும்புக்குப் போயி தகவலே இல்லீங்க... இது நாலு பேரு கூடுற எடத்துக்கே வராது. இன்னைக்குத்தான் கெஞ்சிக் கூட்டியாந்தேன்.”

தலைவரே வெளியே போய் அந்தப் பெண்ணை அழைத்து வந்து, தன் கதிரையில் உட்கார வைத்தார்.

செல்வராணி மறுபடி வாசித்தார். முடிந்ததும் அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்த ரதி பொட்டு வச்சிருந்திச்சா டீச்சர்?”

கதையில் பொட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன் – அவள் நெற்றி வெறுமையாக இருந்தது.

“வச்சிருந்தா” என்றார் செல்வராணி. ஒரு கணமும் யோசிக்கவில்லை. கைப்பையைத் துழாவி, ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து நீட்டினார்.

அவள் ஒன்றைப் பிய்த்து வைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் முன்னால்.

நானும் இத்தனை வருஷமாக எழுதுகிறேன்... என் கதை ஒன்றுகூட யார் நெற்றி வரைக்கும் போனதில்லை!