போணித் துண்டும் நாற்பத்தாறு ஸ்டூல்களும்

எங்கள் நலவாழ்வுச் சமத்துவ ஆய்வு மையத்துக்குப் பல்கலைக்கழகம் கொடுத்திருப்பது இரண்டு அறைகள், பதினொரு நாற்காலிகள். அவற்றில் மூன்று ஆடும். நான் ஓய்வுபெற்ற பிறகு, மறுபடி கூப்பிட்டு மையத்தின் பொறுப்பைக் கொடுத்தபோது முதலில் எண்ணியது நாற்காலிகளைத்தான். மின்விசிறி கழன்று விழுமோ, கரையான் கோப்புகளைத் தின்னுமோ என்று கவலைப்படுவது என் சுபாவம். எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால் அது கொஞ்சம் அடங்கும்.

அந்த இரண்டு அறைகளும் பறிபோகும் நிலை வந்தது. தி. நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்யும் பெண்களின் உடல்நிலையை ஆராய்வதாக ஒப்புக்கொண்டிருந்தோம். அவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். கழிப்பறைக்கு மாடி ஏற வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் நீர்க்கடுப்பு வரும். இவற்றையெல்லாம் பரிசோதித்து, பிறகு உட்கார ஸ்டூல் போட்டால் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஸ்டூல்தான் இல்லை. பொங்கலுக்குள் ஒரு கடையாவது எங்களை உள்ளே விடாவிட்டால் மையத்தை மூடிவிட்டு அறைகளை வேறு துறைக்குக் கொடுத்துவிடுவதாகப் பதிவாளர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஏழு கடைகள் ஏறி இறங்கியாயிற்று. ஏழு இடத்திலும் ஒரே பதில்: "பார்க்கலாம், அப்புறம் வாங்க." கூட்டம் சேர்வதற்கு முன்னால் போனால் முதலாளி நின்று பேசுவார் என்பது என் கணக்கு. அதனால் ஷட்டர் தூக்கும் நேரத்துக்கே மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் நிற்பேன். கூடவே எங்கள் கள ஆய்வாளரும் வருவாள். நொச்சிக்குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்றுப் படிக்கவைத்து, எம்.எஸ்ஸி. முடித்தவள்.

எட்டாவது கடை நான்கு மாடி. தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த கார்த்திகை மாதம். தூத்துக்குடிப் பக்கத்து முதலாளி அப்போதுதான் கல்லாவில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, உங்களிடம் ஓர் உதவி கேட்டு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தினார். "ஸார், பாத்தா படிச்சவிய மாதிரி இருக்கீய. சாம்பிராணிப் பொகை கூட அடங்கல. இன்னும் போணியே ஆவல. அதுக்குள்ள கேட்டுக்கிட்டு வந்து நிக்கீயளே, இன்னிக்கி யாவாரம் வெளங்குமா?"

கள ஆய்வாளர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ சார்! எங்கம்மா போணி ஆவாம யாராவது தண்ணி கேட்டாக்கூடத் தராது. அந்த வூட்லயே பொறந்துட்டு எனக்கே தோணலியே!"

ஏழு கடைகளிலும் முதல் விற்பனைக்கு முன்னால் கையேந்தி நின்றிருக்கிறோம். நானோ அறிக்கையில் 'முதலாளிகளின் எதிர்ப்பு மனப்பான்மை' என்று ஒரு முழுப் பத்தி எழுதி வைத்திருந்தேன். எட்டாவதும் போயிற்றே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்படியென்றால் நானே போணி பண்ணுகிறேன். ஒரு துண்டு கொடுங்கள்."

"பேரம் பேசக்கூடாது."

"பேசவில்லை."

வெள்ளைத் துண்டு வந்தது. கரையில் ஐந்து கோடுகள். அவர் பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். "சந்தோசம். கேக்க வந்தத இன்னிக்கிக் கேக்காதீய. போய்ட்டு வாங்க."

பஸ்ஸில் அவள் சொன்னாள்: "எட்டு கட, ஒரு துண்டு. நல்லா கீது சார் நம்ம ஆராய்ச்சி."

பில்லில் எழுதியிருந்த என் நம்பருக்கு அன்று மாலை முதலாளியே ஃபோன் செய்தார். "ஸார், ஒங்க கை ராசியான கை! மத்தியானம் செங்கல்பட்டுப் பக்கத்துலருந்து ரெண்டு வேன் நெறையக் கல்யாணக் கூட்டம். கூறப்பொடவையிலருந்து சமையக்காரருக்கு வேட்டி வரைக்கும் எங்கிட்டயே எடுத்துட்டாவ. நாளைக்கும் நீங்கதான் வந்து போணி பண்ணணும்."

ஒற்றை நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று ஆயுள் முழுக்க வகுப்பெடுத்தவன் நான். அன்று அந்த வகுப்பை எடுக்கவில்லை. "வருகிறேன். ஆனால் இப்போதாவது நான் கேட்கலாமா?" என்றேன்.

சிரித்தார். ஸ்டூல் விஷயத்தைச் சொன்னேன். "உக்கார வச்சா தூங்கிருவாளுவளே ஸார்?" என்றார்.

"நீங்களும் கல்லாவில் உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள். தூங்கியா விட்டீர்கள்?"

அவர் மறுபடி சிரித்தார். "மொத மாடிக்கு மட்டும். யாவாரம் படுத்துச்சுன்னா ஸ்டூல் பூராத்தையும் ஒங்க யூனிவர்சிட்டிக்கே வண்டியேத்தி அனுப்பிருவேன்."

மறுநாள் ஸ்டூல்களோடும் ஒரு நர்ஸோடும் போய், கைக்குட்டை ஒன்று வாங்கிப் போணி செய்தேன். கைக்குட்டையை மடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். வாசலில் விரித்து வைத்திருந்த குடைகளை எண்ணினேன். மூன்று. மூன்றும் எங்களுடையவை. என் கைராசி ஒரு துண்டோடு தீர்ந்துவிட்டது, மையமும் தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஆனால் முதல் மாடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சாதாரண நாளில் ஒரு பெண்ணைக் கவுன்டரிலிருந்து நகர்த்த முடியாது. அன்று வாங்க வருபவர் யாருமில்லாததால் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மற்ற மாடிகளிலிருந்தும் இறங்கி வந்தார்கள். ரவிக்கைத் துணிப் பிரிவில் இருந்தவள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கியபோது, முறுக்கின கயிறு போல நரம்பு தெரிந்தது. "இதுவா? இது எல்லாருக்கும் இருக்கும் மேடம்," என்றாள். கடையில் கொடுக்கிற சீருடைப் புடவை மாதிரி அதையும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி மாடியேறி வந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். ஸ்டூல்களை ஏற்ற வண்டி சொல்லியிருப்பார் என்றே நினைத்தேன். அவர் அந்தப் பெண்ணின் காலையே பார்த்தார்.

"எப்பருந்து தாயி இது?"

"வேலைக்குச் சேந்ததுலருந்து அண்ணாச்சி."

"எங்கிட்ட சொல்லலியே?"

"நீங்க மாடிக்கு வந்தா துணிய மட்டுந்தான பாப்பீங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைக்கையை மடித்து நர்ஸிடம் நீட்டினார். "எனக்கும் பாரும்மா." ரத்த அழுத்தம் ஏகத்துக்கு இருந்தது. "எல்லாரும் உக்காருங்க. நான் என்ன பேயா?" என்றார்.

"ஐயா, இன்றைக்கு வியாபாரம்..." என்று இழுத்தேன்.

"மழைக்கு நீங்க என்ன செய்வீய ஸார்? நாளைக்கி வாங்க."

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பெண்கள் உட்கார்ந்தார்கள், வியாபாரம் படுக்கவில்லை. மற்ற மாடிகளுக்கும் ஸ்டூல் போட்டார்கள். முதல் மாடியில் வாடிக்கையாளர்களுக்கென்று பூட்டியிருந்த கழிப்பறை அவர்களுக்கும் திறந்தது. முதலாளி தன் கடைக்காரச் சிநேகிதர்களிடம் சொல்ல, கைவிரித்த ஏழு பேரில் ஐந்து பேர் அவர்களாகவே கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நிபந்தனைதான்: நான் காலையில் வந்து போணி செய்ய வேண்டும். மையத்தை மூடுகிற பேச்சு நின்று, மூன்றாவது அறை தருகிற பேச்சு நடக்கிறது. ஆடாத நாற்காலிகளும் கேட்டிருக்கிறேன். வீட்டில்தான் எதிர்ப்பு. "ரெண்டு பேருக்கு இருபத்துநாலு துண்டா? கொடியில இடமில்லை, பீரோல இடமில்லை. பேசாம ஆத்துலயே ஒரு கடை வெச்சுண்டுடுங்கோ," என்கிறாள் என் மனைவி.

போன வாரம் மறுபடி அந்தக் கடைக்குப் போயிருந்தேன். இன்னும் கூட்டம் வரவில்லை. போணியை முடித்துவிட்டு, நான்கு மாடியும் ஏறி இறங்கி ஸ்டூல்களை எண்ணினேன். நாற்பத்தாறு. முதல் மாடிக்குத் திரும்பியபோது ரவிக்கைத் துணிப் பிரிவுப் பெண் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மூச்சு வாங்குதே. உக்காருங்க சார்."

"நீ உட்கார். அது உன் ஸ்டூல்," என்றேன். அவள் உட்கார்ந்தாள்.

எதிர்க் கவுன்டரில் ஒரு ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எங்கள் கள ஆய்வாளர் தலை நிமிர்ந்தாள். "சார், இந்த மாடியில நின்னுக்கினு இருக்கறது இப்ப நீங்க ஒருத்தர்தான்."

ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னாள்.