ஏழாம் மாதத்து ஊசி

ஈப்போவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பிரேக்கை மிதி என்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்களோடு பகல் முழுக்க மல்லுக்கட்டுகிறவள் நான். அதனால் குரலும் பிடிவாதமும் எனக்குக் கொஞ்சம் அதிகம் என்பார் என் கணவர். அவர் லாரி ஓட்டுகிறார். எங்கள் வீடு சுங்கை சிப்புட்டில், ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டி எழுந்த தாமான் குடியிருப்பில் இருக்கிறது. மாமியாரும் எங்களோடுதான்.

நான் கர்ப்பமான இரண்டாம் மாதம் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது நர்ஸ் மிஸ்ஸி என்னை உட்காரவைத்து, என் ரத்தம் ஓ நெகட்டிவ் என்றார். கணவருக்கு என்ன பிரிவு என்று கேட்டார். அவர் தன் உடம்பில் ஊசி படுவதற்கே இடம் கொடுக்காதவர், அவருக்கு எப்படித் தெரியும்?

"இதுக்கு முன்ன ஏதாச்சும் கலைஞ்சிருக்கா?"

"இல்ல லா, இதுதான் தலைப்பிள்ளை" என்றார் பக்கத்தில் இருந்த மாமியார், நான் வாயைத் திறப்பதற்குள்.

அது உண்மை இல்லை. போன வருஷம் மூன்று மாதம் முடிந்த சமயம் ஒன்று கலைந்துபோனது. கண் பட்டுவிடும் என்று கர்ப்பத்தையே யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று மாமியார் கஷாயம் வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. தலைப்பிள்ளைக்குத்தான் வளைகாப்பு. கலைந்ததைக் கணக்கில் சேர்த்தால் இது தலைப்பிள்ளை இல்லை என்றாகிவிடும் என்பது அவர் பயம்.

"கலைஞ்சிருக்கு மிஸ்ஸி" என்றேன். மாமியார் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "அப்பாவுக்குப் பாசிட்டிவ்னா பிள்ளைக்கும் பாசிட்டிவா இருக்கலாம். பிள்ளையோட ரத்தம் கொஞ்சம் உங்க ரத்தத்துல கலந்தா, உங்க உடம்பு அதை வேத்தாளா நினைக்கும். மொத தடவ ஆளை அடையாளம் பாத்து வச்சிக்கும். அடுத்த பிள்ளை வரும்போதுதான் சண்டைக்குப் போகும். கலைஞ்சப்பவே அடையாளம் பாத்திருச்சான்னு இப்ப டெஸ்ட் பண்ணணும்."

பார்த்திருந்தால், அதைத் தடுக்கப் போடும் ஊசியால் பயனில்லையாம். அன்றைக்கே கணவரை லாரியிலிருந்து இறக்கி இழுத்துப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். பாசிட்டிவ். என்னுடைய டெஸ்ட் முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் நான் பயந்தேன். என் பிள்ளைக்கு எதிரி வெளியில் இல்லை, என் உடம்புக்குள்ளேயே இருக்கலாம் என்பதைத் தாங்க முடியவில்லை. என் உடம்பு இன்னும் எதையும் அடையாளம் பார்த்து வைக்கவில்லை என்று முடிவு வந்ததும் காருக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

இனியும் அது பார்த்துவிடாமல் இருக்க ஏழாம் மாதம் ஓர் ஊசி போட வேண்டும். அதற்குக் கிளினிக்கில் கொடுத்த நாளும் மாமியார் வளைகாப்புக்குக் குறித்த நாளும் ஒன்றாகிவிட்டன.

"வளையல் போடற நாள்ல ஊசி குத்தி ரத்தம் பாக்கக் கூடாது. அடுத்த வாரம் குத்திக்கலாம் லா."

"ஊசியைத் தள்ள மாட்டேன் அத்தை. வேணும்னா வளையலைத் தள்ளுங்க."

கணவர் லாரியைக் கழுவப் போய்விட்டார். காலை விருந்துக்கு அழைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் நானே போன் போட்டு, விழா சாயங்காலம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் மறைக்கவில்லை. மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊசி போடும் நாள் காலை சேலை கட்டிக்கொண்டு வந்து, என் காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாயங்காலம் வளையல் அடுக்கும்போது, ஊசி போட்ட கையை மெதுவாகத் தூக்கி, "வலிக்குதா?" என்று கேட்டார். வலித்தது. இல்லை என்றேன்.

பெண் குழந்தை பிறந்தது, நல்ல குரலோடு. தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்துவிட்டு, குழந்தைக்குப் பாசிட்டிவ், எனக்கு இன்னோர் ஊசி உண்டு என்றார் வார்டு மிஸ்ஸி.

"பிள்ளைதான் நல்லபடியா பொறந்திருச்சே, இன்னும் எதுக்கு?" என்றார் பேத்தியை மடியில் வைத்திருந்த மாமியார்.

"இது அடுத்த பிள்ளைக்கு, பெரியம்மா."

"இவ பட்ட பாடு போதாதா? அடுத்தது வேற வேணுமா?"

"வேணுமா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன் அத்தை" என்றேன். "என் ரத்தம் அதை முடிவு பண்ணக் கூடாது."

சட்டைக் கையை மடித்து மிஸ்ஸியிடம் நீட்டினேன்.