பத்து எண்ணும்வரை மௌனம்

ஐம்பதுகளில் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். அது சோற்றுக்கு. மற்ற நேரத்தில் நான் நவீன எழுத்தாளன். கதையில் சம்பவம் கூடாது, மனம் மட்டும் ஓட வேண்டும், முக்கியமானதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பது எங்கள் கட்சி. நாலைந்து பேர் எழுதி, அதே நாலைந்து பேர் படித்த பத்திரிகையில் இதற்காகச் சண்டையெல்லாம் போட்டோம். சொல்லாமல் விடுவதில் நான் வீட்டிலும் கெட்டிக்காரன்.

எங்கள் மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஜீப்பில் போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். நான் டிரைவர் பக்கத்தில். பின்னால் மனைவி, மடியில் பிள்ளை. ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தேன். பிள்ளையின் கண் பாதி திறந்தபடி நிலைத்துவிட்டிருந்தது.

"தூங்கிட்டாளான்னு பாருங்க," என்றாள் மனைவி.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசல்வரை அவள் தாலாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள்.

காரியம் முடிந்ததும் ராசிங்காபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது ஒன்றுதான் கேட்டாள். "அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் ஒங்க வாயால சொல்லுங்க. நான் வர்றேன்." மூன்று முறை போய்ப் பார்த்தேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். அவள் இல்லாத வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

வாயால் வராததைக் கதையாக எழுதினேன். ஜீப்பு, மடியில் பிள்ளை, அந்தக் கேள்வி. பிறகு பத்து எண்ணும்வரை மௌனம். அதன்பின் கணவனின் பதில்: 'எனக்குத் தெரியும். சொல்லப் பயந்துட்டேன்.' வானொலி நிலையம் அதை ஏற்றுக்கொண்டு, நேரில் வந்து வாசிக்கச் சொல்லிக் கடிதம் போட்டது. நான் அவளுக்கு ஒரு கார்டு போட்டேன். 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவில் பேசுகிறேன். கடைசிவரை கேள்.'

நிலையத்து அதிகாரி கதையைப் படித்துவிட்டு, "இவ்வளவு நேரம் சத்தமே இல்லாமல் விடக் கூடாது. கிராமத்தில் கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. மூன்று நொடி போதும்," என்றார். அந்த மௌனம்தான் கதையே என்று அவரிடம் அரைமணி நேரம் வாதாடினேன். வீட்டில் ஒரு வார்த்தை பேசத் துப்பில்லாதவன் அங்கே வாய் கிழியப் பேசினேன். அவர் அலுத்துப்போய் விட்டுக்கொடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்ததும் வாசித்தேன். பத்துவரை நிதானமாக எண்ணினேன். பதிலைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டாள் என்று நினைத்து, ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ராசிங்காபுரத்தில் பஸ்சைவிட்டு இறங்கியதும், பஞ்சாயத்து ரேடியோவைப் பார்த்துக்கொள்பவர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"ஊரே ஒக்காந்து கேட்டுச்சுண்ணே. என்ன செய்ய, பாதியில நிலையம் நின்னுபோச்சு. சத்தம் நின்னா ஒடனே அமத்திரணும், பேட்டரி வீணாப்போகும்னு மேல உத்தரவு. வெரசா அமத்திட்டேன்."

மச்சான் வீட்டுக்குப் போனேன். மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கேட்டேன்," என்றாள். "அந்தப் பொம்பள கேக்குறா. அந்தாளு அங்கயும் வாயத் தொறக்கல."

"அதுக்கப்புறம் சொன்னேன்."

"யாருகிட்ட?"

நாங்கள் இரண்டு பேர்தான் அங்கே இருந்தோம். சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம், மனப்பாடம் வேறு. பஸ்சுக்கு நேரமாச்சு என்று எழுந்தேன். பஸ்சு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.